கணினி செஸ் போட்டி எத்தனை நாள் நடந்தால் நல்லது? எதிரே உட்கார்ந்தவர்கள் சொல்லுங்கள்

யானைமூலை

எஞ்சின் (செஸ் ஆடும் நிரல்) எழுதுகிறவர்கள், டெஸ்ட் பண்ணுகிறவர்கள், சும்மா பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரு கணினி செஸ் போட்டி எத்தனை நாள், எத்தனை சுற்று நடந்தால் சரியாக இருக்கும்? நான் நேரில் ஆடிய போட்டிகளில் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன், அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காக நெதர்லாந்து வந்து ஐந்தோவனில் குடியேறிய புதிதில் சாயங்காலங்களில் செய்ய ஒன்றும் இருக்காது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அப்படி ஆரம்பித்ததுதான் என் எஞ்சின். இரண்டு வருடத்தில் அது என்னை ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்கடிக்க ஆரம்பித்ததும், வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. லைடன் நகரத்தில் டச்சு கணினி செஸ் சங்கம் நடத்திவந்த ஓப்பன் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். 9 சுற்று, இரண்டு வார இறுதிகள். செஸ்ஸும் பிரிட்ஜும் ஆடுகிறவர்களுக்கான ஒரு கட்டடம், உள்ளேயே காபி, பீர், சூப் கிடைக்கும் கவுண்டர். ஐந்தோவனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், மடியில் லேப்டாப், பையில் தயிர்சாதம்.

நேரில் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மேசையில் நிஜமான மரப் பலகை, நிஜமான காய்கள், நிஜமான கடிகாரம். உங்கள் எஞ்சின் யோசித்து ஒரு நகர்வு சொல்லும், நீங்கள் அதைப் பலகையில் நகர்த்திக் கடிகாரத்தை அமுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துத் தன் கணினியில் தட்டச்சு செய்வார். ஆட்டத்தில் உங்களுக்கு வேறு வேலையே கிடையாது. யோசனை சொல்லக் கூடாது, ஆர்பிட்டரை, அதாவது நடுவரைக் கேட்காமல் தோல்வியை ஒப்புக்கொள்ளக்கூட முடியாது. பரீட்சை ஹாலுக்கு வெளியே காத்திருக்கும் அப்பா அம்மா மாதிரிதான். உள்ளே பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறது, நம்மால் எதுவும் செய்ய முடியாது, பக்கத்தில் இருப்பவரும் அதே நிலைமையில்தான் இருக்கிறார், அப்புறம் பேசாமல் என்ன செய்வது?

என் முதல் சுற்றில் எதிரே வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கை குலுக்கினார், தெர்மோஸைத் திறந்து எனக்கும் ஒரு கப் ஊற்றினார். பத்து நகர்வு வரை இருவரும் ஓப்பனிங் புக்கில் (முன்பே சேமித்து வைத்த தொடக்க நகர்வுகளில்) இருந்தோம். புக் முடிந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார், "உன்னுடையது எவ்வளவு காட்டுகிறது?" நான் "பிளஸ் பாயிண்ட் மூன்று" என்றேன். "என்னுடையதும் தனக்குப் பிளஸ் பாயிண்ட் மூன்று என்கிறது" என்றார். இரண்டு எஞ்சினும் தானே முன்னிலை என்று நம்பிக்கொண்டிருக்கிறது, எதிரெதிரே நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறோம். அந்த ஆட்டம் நாலு மணி நேரம் போனது. நாலு மணி நேரத்தில் அவருடைய வேலை, அவர் பேரப்பிள்ளை, ராஜாவின் பாதுகாப்புக்கு அவர் எப்படி மதிப்பெண் போடுகிறார், என் ஹாஷ் டேபிளில் (ஏற்கெனவே பார்த்த நிலைகளை நினைவில் வைக்கும் அட்டவணையில்) என்ன தப்பு, எல்லாம் பேசி முடித்தோம். நான் தோற்றேன். ஆனால் அதற்கு முன் இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து கற்றதைவிட அந்த நாலு மணி நேரத்தில் கற்றது அதிகம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மனிதர்கள் ஆடும் போட்டியில் இது நடக்கவே நடக்காது. அங்கே ஆட்டத்தின் நடுவில் எதிராளியோடு பேசினால் ஆர்பிட்டர் எழுந்து வந்துவிடுவார். ஆடாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதால் கணினி செஸ்ஸில் மட்டும்தான் இது சாத்தியம். அதனால்தான் ஆட்ட நேரத்தைக் குறைத்து நிறையச் சுற்றுகள் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. பத்து நிமிட ஆட்டம் என்றால் இரண்டு பேரும் குனிந்து நகர்வுகளைத் தட்டிக்கொண்டே இருப்போம், தலை நிமிர நேரம் இருக்காது.

அன்று ராத்திரி நாலைந்து பேராக ஒரு இந்தோனேசிய ஓட்டலுக்குப் போனோம். சோறு, சுற்றிலும் பத்துப் பதினைந்து சின்னக் கிண்ணங்களில் கறி வகைகள், சம்பல். வெளிநாட்டில் எனக்கு வீட்டு ஞாபகம் வந்த முதல் சாப்பாடு அது. அங்கேதான் அந்தப் பெரியவர் 1977 டொராண்டோ கதையைச் சொன்னார். இரண்டாவது உலகக் கணினி செஸ் சாம்பியன்ஷிப். 1974-இல் ஸ்டாக்ஹோமில் முதல் பட்டம் வென்ற சோவியத் நிரல் கைஸா, முதல் சுற்றிலேயே அமெரிக்காவின் டச்சஸ் என்ற நிரலோடு ஆடுகிறது. 34-ஆவது நகர்வில் கைஸாவின் ராஜாவுக்கு செக். ராஜாவை நகர்த்தாமல் தன் யானையை நடுவில் கொண்டுவந்து வைத்துச் சும்மா வெட்டுக் கொடுத்தது. முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக் விருந்தினராக அந்த அரங்கத்தில் இருந்தார். அவர் உட்பட எல்லோரும் நிரலில் ஏதோ பிழை என்றே நினைத்தார்கள். கைஸா கடைசியில் தோற்றது. பிறகு அதை உருவாக்கியவர்கள் அதே நிலையை வைத்து, ராஜா நகர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அதையே கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: டச்சஸ் ராணியை பலி கொடுத்து அடுத்த சில நகர்வுகளில் மேட் போட்டிருக்கும். அரங்கத்தில் யாருக்கும் தெரியாதது கைஸாவுக்குத் தெரிந்திருக்கிறது, மேட்டைத் தள்ளிப்போட யானையைக் கொடுத்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது அவர் கிண்ணங்களை நகர்த்தி வைத்துக் காட்டினார். இந்தக் கதை புத்தகத்திலும் இருக்கும்தான். ஆனால் ஓட்டல் மேசையில் சம்பல் கிண்ணம் ராணியாக நின்றதால்தான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

இனி குறையும் சொல்ல வேண்டும். இரண்டு வார இறுதி என்ற ஏற்பாடு உள்ளூர்க்காரர்களுக்கு வசதி, லீவு போட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பாவம். நடுவில் ஐந்து நாள் அங்கேயே ஓட்டலில் தங்க வேண்டும், இல்லை போய்த் திரும்பி வர வேண்டும். இன்னொன்று, அந்த ஐந்து நாளில் எல்லோரும் நிரலில் கை வைப்பார்கள். நானும் வைத்தேன். புதன்கிழமை ராத்திரி, ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் என்ற பங்கீட்டை மாற்றி எழுதினேன். சனிக்கிழமை ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம், 40 நகர்வு தாண்டியதும் என் எஞ்சின் அப்படியே யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது, நேரம் தீர்ந்து தோற்றேன். மீதி நகர்வு எண்ணிக்கை சுழியம் ஆகும் இடத்தை நான் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா, என்னைத் தோற்கடித்தவர்தான். அடுத்த சுற்றுக்கு இருந்த ஒரு மணி நேரத்தில் சாப்பிடக்கூடப் போகாமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, வரி வரியாகப் படித்து, விரல் வைத்துக் காட்டினார்.

என் கருத்து: 7 சுற்று, நாலு நாள், வியாழன் முதல் ஞாயிறு வரை. ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் கூடாது, ஆட்டம் நிதானமாக இருக்க வேண்டும், ஒரு மத்தியானமாவது ஒரே ஆட்டத்தோடு ஓய்வு. சொல்லுங்கள்.

பனிக்கால_மாணவன்

அண்ணா, தயிர்சாதம் எடுத்துக்கொண்டு லைடன் போனது நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும்!

நான் எஞ்சின் எழுதினவன் இல்லை, வேடிக்கை பார்த்தவன். ஜெர்மனியில் பாடர்போர்ன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். அங்கே 1991-இலிருந்து ஒரு சர்வதேசப் போட்டி நடந்துவந்தது. நான் இருந்தபோது கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வைத்தார்கள். 7 சுற்றுதான், மூன்று நாலு நாளில் முடிந்துவிடும். ஜெர்மன் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள், டிக்கெட் வாங்கக் காசில்லாத எங்களைப் போன்றவர்கள்தான் விடுதியில். வளாகத்தில் வெளிச்சமும் மனிதக் குரலும் இருந்த ஒரே இடம் அந்தப் போட்டி நடந்த அறை. செஸ் ஆசையில் போனேன் என்று சொன்னால் பொய், வெதுவெதுப்பாக இருக்கும், யாராவது பேசுவார்கள் என்றுதான் போனேன்.

முதல் நாள் சுவரோரமாக நின்றேன். இரண்டாவது நாள் ஒருவர் தன் பக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மூன்றாவது நாள் அவருக்கு அவசரமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தது, ஆர்பிட்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் என்னை ஆபரேட்டராக உட்கார வைத்துவிட்டுப் போனார். கை நடுங்கிவிட்டது. யானையைத் தப்பான கட்டத்தில் வைத்துவிடுவேனோ என்று ஒவ்வொரு தடவையும் திரையை மூன்று முறை பார்த்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டே நகர்வுதான் வந்தது. எதிரே இருந்தவர் புரிந்துகொண்டு "மெதுவாகச் செய், உன் கடிகாரத்தில் நிறைய இருக்கிறது" என்றார். எதிராளி சொல்கிறார் இதை!

2005 டிசம்பரில் ரிப்கா என்ற எஞ்சின் வந்து வென்றதையும் அங்கேதான் பார்த்தேன். அதற்குச் சில மாதங்கள் முன்புவரை அவ்வளவாக யாரும் கேள்விப்படாத பெயர். கடைசிச் சுற்றுகளில் மற்றவர்கள் தங்கள் எஞ்சின் யோசிக்கும் நேரத்தில் அந்த மேசைக்குப் பின்னால் வந்து நின்றார்கள், யோசிக்க எஞ்சினுக்கு அவர்கள் உதவி தேவைப்படாதே.

நீளம் பற்றி: சுற்று எண்ணிக்கையில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் நாட்களை இன்னும் குறைக்கக் கூடாதா என்றால் வேண்டாம் என்பேன். பாடர்போர்னில் கடைசி நாள் பரிசளிப்பு முடிந்ததும் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். எனக்கு நாற்காலி கொடுத்தவரிடம் நன்றி சொல்லக்கூட முடியவில்லை. கடைசிச் சுற்றுக்குப் பிறகு ஒரு ராத்திரி, எல்லோரும் சேர்ந்து சாப்பிட, கட்டாயம் வேண்டும். அதைப் போட்டி அட்டவணையிலேயே போட வேண்டும்.

ஆயிரம்_ஆட்டம்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் வேலை டெஸ்டிங். வீட்டில் மூன்று கணினிகள் ராத்திரி பகலாக எஞ்சின்களை மோதவிட்டுக்கொண்டிருக்கும். 9 ஆட்டத்தில் ஒரு எஞ்சினின் பலம் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் டிரா என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 9 ஆட்டத்தில் வரும் முடிவுக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ 200 எலோ (ஆட்ட பலத்தை அளக்கும் புள்ளி) பிழை இருக்கும். 200 எலோ என்பது ஒரு நல்ல கிளப் ஆட்டக்காரருக்கும் ஒரு மாஸ்டருக்கும் நடுவில் இருக்கும் தூரம். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை எழுதுகிறவர்கள் ஒரு சின்ன மாற்றத்தை ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவே பல்லாயிரம் வேக ஆட்டங்கள் ஓட்டுகிறார்கள், 2013-இலிருந்து அதற்காகவே தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுக்கிறார்கள். ஆக, 7 சுற்றா 11 சுற்றா என்ற சண்டையில் 'சரியான சாம்பியன் கிடைக்க வேண்டும்' என்ற காரணத்தை எடுத்துவிடலாம். 11 வைத்தாலும் கிடைக்காது.

சுற்றுகள் ரொம்பக் குறைந்தாலும் வேறு ஒரு குறை உண்டு. 1974 ஸ்டாக்ஹோமில் 13 நிரல்கள், நாலே சுற்று. நாலும் ஜெயித்து கைஸா சாம்பியன். அமெரிக்காவின் செஸ் 4.0 நடுவில் ஒரு ஆட்டம் தோற்றதால் இரண்டும் சந்திக்கவே இல்லை. போட்டி முடிந்த பிறகு தனியாக ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள், அது டிரா. 1977-லும் அதே கதை, நாலு சுற்று, மறுபடி இரண்டும் சந்திக்கவில்லை, மறுபடி காட்சி ஆட்டம், இந்த முறை அதன் புதிய பதிப்பான செஸ் 4.6 ஜெயித்தது. அத்தனை பேர் உலகத்தின் மூலைகளிலிருந்து வந்துவிட்டு, எல்லோரும் பார்க்க ஆசைப்பட்ட ஆட்டம் அட்டவணையில் இல்லை என்றால் அது வருத்தம்தான். அதனால் 7 எனக்கும் சம்மதம், அதற்குக் கீழே வேண்டாம்.

நட்புப் பக்கத்தைப் பற்றி ஒன்று. 2003-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் உலக சாம்பியன்ஷிப், 16 நிரல்கள், 11 சுற்று, ஒன்பது நாள். அதில் ஜானி என்ற அமெச்சூர் நிரலும் ஷ்ரெடர் என்ற நிரலும் ஆடிய ஆட்டம். ஷ்ரெடர் ஜெயிக்கும் நிலையில் இருந்தும் ஒரு பிழையால் ஒரே நிலை மூன்றாவது முறையாக வந்துவிட்டது, அப்படி வந்தால் டிரா கேட்கலாம். ஜானியின் திரையில் அது வந்தது, அதன் ஆசிரியர் அதைப் பார்த்தார், ஆனால் முறைப்படி டிரா கேட்காமல் ஆட்டத்தைத் தொடர விட்டார். எதிராளியின் பிழையால் அரைப் புள்ளி வாங்க அவருக்கு மனம் வரவில்லை. ஷ்ரெடர் ஜெயித்தது. அந்த அரைப் புள்ளியால் ஃபிரிட்ஸ் என்ற இன்னொரு நிரலோடு சமமாக முடித்து, பிளே-ஆஃபில் ஃபிரிட்ஸை வென்று பட்டத்தையும் எடுத்தது. ஃபிரிட்ஸ் தரப்பு ஆட்சேபித்தது, நடுவர்கள் முடிவை மாற்றவில்லை.

நான் இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது தன் அரைப் புள்ளியை மட்டும் இல்லை, பக்கத்து மேசையில் இருந்தவர்களின் பட்டத்தையும்தான். ஒன்பது நாள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பேசிச் சிரித்தவர்களிடம் கறாராக இருப்பது கஷ்டம். பேசுங்கள், சிரியுங்கள், ஆனால் டிரா, தோல்வி, நேரம் இதெல்லாம் நிரலின் பொறுப்பாகவோ ஆர்பிட்டரின் பொறுப்பாகவோ இருக்க வேண்டும், ஆபரேட்டரின் நல்ல மனசிடம் விடக் கூடாது. அப்படி விட்டால் நட்புதான் அடிபடும்.

இரவுச்சுற்று

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். நான் எந்தப் போட்டிக்கும் நேரில் போனது கிடையாது, விசா, டிக்கெட் எல்லாம் என்னால் ஆகிற காரியம் இல்லை. எனக்குக் கிடைத்தது டிசெக் மட்டும்தான். தெரியாதவர்களுக்கு: 2010-இல் ஆரம்பித்த இணையப் போட்டி, எஞ்சின்கள் ஒரே கணினி அமைப்பில் இருபத்து நாலு மணி நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு சீசன் மாதக்கணக்கில் போகும், கடைசியில் முதல் இரண்டு எஞ்சின்களுக்கு 100 ஆட்டம் சூப்பர்ஃபைனல். பக்கத்திலேயே அரட்டைப் பெட்டி.

2019 பிப்ரவரி, 14-ஆவது சீசன் சூப்பர்ஃபைனல், ஸ்டாக்ஃபிஷும் லீலா என்ற எஞ்சினும். எனக்கு அப்போது இரவு ஷிஃப்ட். ஒரு பக்கம் வேலைத் திரை, ஒரு ஓரத்தில் ஆட்டம். 100 ஆட்டத்தில் 81 டிரா, ஸ்டாக்ஃபிஷ் 10, லீலா 9. கடைசிக் கணக்கு 50.5-க்கு 49.5. இரண்டு வாரத்துக்கும் மேல் தினமும் அதே ஆட்களோடு அதே பெட்டியில் உட்கார்ந்திருந்தோம். பிரேசில்காரர் ஒருவர் எனக்குக் காலை வணக்கம் சொல்வார், அவருக்கு அப்போது ராத்திரி. ஒருவர் மனைவிக்குப் பிரசவம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினார், குழந்தை பிறந்த செய்தியும் ஆட்டத்தின் நடுவில்தான் வந்தது. எல்லோரும் அன்றைக்கு எஞ்சினை விட்டுவிட்டுக் குழந்தைக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதனால், யானைமூலை அண்ணா, நாலு நாள்தான் சரி என்பது எல்லோருக்கும் பொருந்தாது என்று நினைக்கிறேன். லீவு போட்டு ஓட்டலில் தங்க வேண்டியவர்களுக்கு ஒன்பது நாள் சுமை. என்னைப் போல வேலையோடு வேலையாகப் பார்க்கிறவனுக்கு மூன்று மாதம்கூடக் காணாது. டிசெக்கில் ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை வீட்டில் யாரோ ஊருக்குப் போனது மாதிரி இருக்கும்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று அப்படியே உண்மை. வேகமான ஆட்டங்கள் ஓடும் நாட்களில் அரட்டையில் யாரும் உருப்படியாகப் பேச மாட்டார்கள், நகர்வுக்கு நகர்வு கத்தல்தான். சூப்பர்ஃபைனலில் ஒரு எஞ்சின் ஒரே நகர்வுக்கு ஆறு ஏழு நிமிடம் யோசிக்கும்போதுதான் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "நீ எந்த ஊர், என்ன வேலை?" என்று கேட்பார்.

அமேசான்_ராணி

பெயரைப் பார்த்து நான் செஸ் ஆள் என்று நினைக்க வேண்டாம். அமேசான்ஸ் என்று ஒரு பலகை விளையாட்டு உண்டு, காய்கள் எல்லாம் ராணி மாதிரி நகரும், நகர்ந்த பிறகு ஒரு அம்பு எய்து ஒரு கட்டத்தை அடைத்துவிடும். ஆராய்ச்சிப் படிப்பில் அதற்கு நிரல் எழுதினேன், அதற்காகக் கணினி ஒலிம்பியாடுக்குப் போயிருக்கிறேன். பல வருடங்களில் உலகக் கணினி செஸ் சாம்பியன்ஷிப்பும் ஒலிம்பியாடும் ஆய்வு மாநாடும் ஒரே இடத்தில் ஒரே வாரத்தில் நடந்தன. கோ, சீனச் செஸ், டிராஃப்ட்ஸ், ஹெக்ஸ் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒன்று.

எங்கள் விளையாட்டு சீக்கிரம் முடிந்துவிடும், செஸ்காரர்களுடையது கடைசி நாள் வரை போகும். அதனால் நாங்கள்தான் எல்லா மேசைக்கும் சுற்றுவோம். மான்டி கார்லோ தேடல் (தற்செயலாகப் பல ஆட்டங்கள் ஆடிப் பார்த்து நல்ல நகர்வைத் தேடும் முறை) கோ விளையாட்டை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது, கோ ஆட்கள் மதியச் சாப்பாட்டில் காகிதக் கைக்குட்டையில் மரம் வரைந்து விளக்குவார்கள், செஸ் ஆட்கள் நம்பாமல் கேள்வி கேட்பார்கள். எனக்கு என் ஆய்வின் மூன்றாவது அத்தியாயம் அப்படி ஒரு மேசையில்தான் கிடைத்தது. வெறும் செஸ் போட்டியாக இருந்திருந்தால் எனக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். முதல் வருடம் அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். யாரும் எதுவும் தப்பாக நடக்கவில்லை, ஆனால் சாயங்காலம் எல்லோரும் கும்பலாக பாருக்குக் கிளம்பும்போது எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. நான் சைவம், குடிக்கவும் மாட்டேன், மூன்று நாள் அறையில் பிரெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். அடுத்த வருடம் நடத்தினவர்கள் ஒரு நாள் மத்தியானம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஊர் சுற்றக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் நான் பாதிப் பேரோடு முதல் முறையாகப் பேசினேன். அதனால் யானைமூலை சொன்ன அந்த ஓய்வு மத்தியானத்தைச் சும்மா விடாமல், வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் சேர்ந்து நடக்கிற மாதிரி ஏதாவது வையுங்கள். பார் எல்லோருக்கும் பொதுவான இடம் இல்லை.

யானைமூலை

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டது.

அமேசான்_ராணி, நீங்கள் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. லைடனில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் கிளம்பியபோது யாராவது பின்னால் நின்றிருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆயிரம்_ஆட்டம், கிராஸ் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நண்பர் என்பதற்காகத்தான் விதி கறாராக இருக்க வேண்டும். சாம்பியன் யார் என்று கண்டுபிடிக்கச் சுற்றுகளைக் கூட்டுவதில் பிரயோஜனம் இல்லை என்பதும் சரி. ஆனால் பெரிய போட்டிகள் அந்த ஆசையில்தான் நீண்டன என்று நினைக்கிறேன். உலக சாம்பியன்ஷிப் 1974-இலிருந்து 1980 வரை 4 சுற்று, 1983-இலிருந்து 1995 வரை 5, 1999 பாடர்போர்னில் 7, 2002 மாஸ்ட்ரிக்ட்டில் 9, 2003-இலிருந்து சில வருடங்கள் 11. கூடவே கலந்துகொண்ட நிரல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 1999-இல் 30, 2002-இல் 18, 2003-இல் 16, 2004-இல் 14, 2005 ரெய்க்யாவிக்கில் 12. நீளம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை நடந்தது 2002-க்குப் பிறகு வருடாவருடம் ஆனது, டிக்கெட், ஓட்டல், நுழைவுக் கட்டணம் எல்லாம் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் மோதவிடவும் வசதி வந்துவிட்டது. ஆனால் ஒரு அமெச்சூர், வேலைக்குப் போகிறவர், சின்னக் குழந்தை இருக்கிறவர், ஒன்பது நாளைக்கு வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவார்? நாலு நாள் என்றால் வியாழன் வெள்ளி இரண்டு நாள் லீவு போதும், என்னால் கேட்க முடியும், கேட்டிருக்கிறேன், கிடைத்திருக்கிறது. ஒன்பது நாள் ஒரு தடவைகூடக் கேட்க முடிந்ததில்லை. அமெச்சூர்கள் வராமல் போனால் யாரிடம் தெர்மோஸ் டீ குடிப்பது?

1999-இன் அந்த 30 பேரை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. 2018-இல் உலக சாம்பியன்ஷிப் மறுபடி ஸ்டாக்ஹோமுக்குப் போனபோது எட்டே எட்டு நிரல்கள். எட்டுப் பேருக்கு 7 சுற்று வைத்தால் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை உட்கார்ந்துவிடலாம், அந்த அளவு எனக்குப் பிடித்த அளவுதான். ஆனால் அது முப்பதிலிருந்து தேய்ந்து வந்த எட்டு.

இரவுச்சுற்று தம்பி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது, இங்கேயே கேட்டுவிடுகிறேன். நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியின் மேற்குப் பக்கம், இந்த வட்டத்தில் எஞ்சின் எழுதுகிற நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? எங்கள் குடியிருப்பில் ஒரு பொது அறை இருக்கிறது, பத்து மேசை போடலாம். வியாழன் மத்தியானம் ஆரம்பித்து ஞாயிறு சாயங்காலம் முடிக்கலாம், சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம் கிடையாது, பக்கத்தில் காடு இருக்கிறது, நடக்கலாம். 7 சுற்று. சாப்பாடு சைவம், வீட்டிலிருந்தே வரும். டிரா, நேரம் எல்லாம் ஆயிரம்_ஆட்டம் ஆர்பிட்டராக இருந்து பார்த்துக்கொள்வார் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன்.

ஆயிரம்_ஆட்டம்

வருகிறேன். ஆர்பிட்டர் வேலை சம்மதம்.

இரவுச்சுற்று

பெண் குழந்தை. நாங்கள் சொன்ன பெயர் எதையும் வைக்கவில்லை, அவர் அம்மா பெயரை வைத்துவிட்டார்.

உங்கள் போட்டியில் ஆட்டங்களை இணையத்தில் காட்ட முடியுமா? ஒரு வெப்கேமராவும் ஒரு அரட்டைப் பெட்டியும் இருந்தால் போதும், நான் ராத்திரி முழுக்க இருப்பேன்.

புதுசிப்பாய்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் பதிவு. ஆஹனில் படிக்கிறேன், அங்கிருந்து ஐந்தோவன் பக்கம்தான். என் எஞ்சின் இப்போதுதான் எல்லா நகர்வுகளையும் சரியாக உருவாக்கக் கற்றிருக்கிறது, தேடல் ஆழம் ஏழுக்கு மேல் போகவில்லை. ஏழு ஆட்டமும் தோற்கும், அது நிச்சயம். அப்படியிருந்தும் வரலாமா?

யானைமூலை

வா. முதல் சுற்றில் உன்னை எனக்கு எதிரே போடச் சொல்கிறேன். தெர்மோஸ் நான் கொண்டுவருகிறேன்.